புரை போன பிறகும் மங்கலா? டோரிக் லென்ஸ் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

கண்புரைக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் வீட்டுப் பேச்சு முழுக்க லென்ஸைச் சுற்றியே ஓடும். சாதா லென்ஸா, மடிக்கிற லென்ஸா, வெளிநாட்டு லென்ஸா, எவ்வளவு ஆகும்? மருத்துவமனை ஆலோசகரும் விலைவாரியாக அடுக்கிய அட்டை ஒன்றை நீட்டுவார். அதில் ‘டோரிக்’ என்று ஒரு வரி இருக்கும், சாதா லென்ஸைவிடக் கூடுதல் விலையில். “நல்லதாவே வெச்சிடுங்க சார்” என்பார் மகன். “எதுக்குப்பா எனக்கு இவ்ளோ செலவு” என்பார் அம்மா. இருவரும் பேசுவது விலையைத்தான். டோரிக்கை அந்த விலை வரிசையில் வைத்துப் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் ஒளிபுகும் படலத்தில் (கார்னியா), உள்ள ஒரு குறிப்பிட்ட குறைக்காகச் செய்யப்பட்ட லென்ஸ். அந்தக் குறை இருப்பவருக்குப் பேருதவி. இல்லாதவருக்கு இலவசமாகக் கிடைத்தாலும் தேவையில்லை.

அந்தக் குறையின் பெயர் பார்வைச் சிதறல். கண்ணாடிக் கடையிலும் மருத்துவமனையிலும் அதைச் ‘சிலிண்டர் பவர்’ என்றே சொல்கிறோம்.

கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருந்தால் உள்ளே நுழையும் ஒளி ஒரே இடத்தில் குவியும். பலருக்கு அப்படி இருப்பதில்லை. மேலிருந்து கீழாக ஒரு வளைவு, இடமிருந்து வலமாக வேறொரு வளைவு இருக்கும். அதனால் ஒளி இரண்டு வேறு தூரங்களில் குவிகிறது, எழுத்து ஒரு பக்கமாக இழுபடுகிறது. இளவயதில் கருவிழி பொதுவாக மேல்கீழ்த் திசையில்தான் சற்று அதிகமாக வளைந்திருக்கும். வயதாக ஆக, இந்த நிலை மெல்ல மாறி, பக்கவாட்டு வளைவு கூடிவிடுகிறது. அப்படிப்பட்டவருக்குத் தூரத்து எழுத்துகள் பெரும்பாலும் பக்கவாட்டில் கரைந்து தெரியும். தமிழ் எழுத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ‘ன’வில் ஒரு சுழி குறைவு, ‘ண’வில் ஒன்று கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். சுழிகள் அடுத்தடுத்து நிற்பதால் பக்கவாட்டு இழுப்பில் ஒன்றோடொன்று கலந்துவிடும். வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ‘பேரணாம்பட்டு’ போர்டைப் படிக்கத் திணறுகிறவருக்கு மங்கல் முழுவதும் புரையால்தான் என்று நினைக்கத் தோன்றும். அதில் ஒரு பங்கு கருவிழியின் வளைவால் வந்ததாக இருக்கலாம். புரையை எடுத்தாலும் அந்தப் பங்கு அப்படியே நிற்கும்.

இது அபூர்வமும் இல்லை. பல நாடுகளில் அளந்து பார்த்ததில், புரைக்கு வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கருவிழியில் 1 டயாப்டரோ (பவரை அளக்கும் அலகு) அதற்கு மேலோ சிலிண்டர் இருக்கிறது. 2-ஐத் தாண்டுகிறவர்கள் அவர்களில் சிறு பகுதியினரே.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய கண்ணாடிச் சீட்டை எடுத்து வந்து, “சிலிண்டர் 2 போட்டிருக்கு, அப்ப டோரிக்தானே?” என்று கேட்பார்கள். சீட்டில் உள்ள சிலிண்டர் கண்ணின் மொத்தக் கணக்கு. அதில் கருவிழியின் பங்கும் இருக்கும், புரை விழுந்த இயற்கை லென்ஸின் பங்கும் இருக்கும். ஆபரேஷனில் அந்த லென்ஸை வெளியே எடுத்துவிடுகிறார்கள், அதோடு அதன் பங்கும் போய்விடும். சீட்டில் 2 இருந்தும் கருவிழியில் அரை டயாப்டர்கூட இல்லாதவர்கள் உண்டு. தலைகீழாகவும் நடக்கும். கருவிழியும் லென்ஸும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று சமன்செய்துகொண்டிருந்தால், சீட்டில் சிலிண்டரே இருக்காது. லென்ஸை எடுத்த மறுநாள்தான் கருவிழியின் குறை முழுதாக வெளியே வரும். ஆகவே முடிவெடுக்க உதவுவது கண்ணாடிச் சீட்டு அல்ல, கருவிழியைத் தனியாக அளந்த ‘கே ரீடிங்’.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கே ரீடிங்கில் 90 டிகிரியில் 42.50, 180 டிகிரியில் 45.00 என்று இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 2.50. வளைவு மிகுந்த திசை 180, அதாவது படுக்கைவாட்டு. வயதானவர்களிடம் காணப்படும் வகை இது. சாதா லென்ஸ் வைத்தால் புரை போய் வெளிச்சம் நன்றாக வரும், நிறங்கள் பளிச்சென்று தெரியும், ஆனால் எழுத்தின் விளிம்பு கூர்மையாகாது. பிறகு சிலிண்டர் கண்ணாடி போட்டால் சரியாகும். டோரிக் என்பது அந்தக் கண்ணாடியில் இருக்க வேண்டிய சிலிண்டரைக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸிலேயே சேர்த்துவிடுவது. லென்ஸின் ஒரு திசையில் ஒரு பவர், குறுக்கே வேறொரு பவர். கருவிழியின் ஏற்றத்தாழ்வை எதிர்த்திசையில் ஈடுகட்டும்.

லென்ஸின் பெட்டியில் எழுதியிருக்கும் சிலிண்டர் எண்ணும் கருவிழியில் அது வேலை செய்யும் அளவும் ஒன்றல்ல. லென்ஸ் கண்ணுக்குள் கருவிழியிலிருந்து தள்ளி உட்கார்வதால் 1.50 என்று எழுதிய லென்ஸ் கருவிழியளவில் ஏறத்தாழ 1 டயாப்டரைத்தான் சரிசெய்யும். “டாக்டர் 1 தான் இருக்குன்னாரு, பெட்டியில 1.50 போட்டிருக்கே” என்று யாரும் பதற வேண்டாம்.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழக்கமே அவ்வளவு பழையதல்ல. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரோல்ட் ரிட்லி 1949 நவம்பரில் முதல் முறையாக வைத்தார். போரில் விமான மூடியின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் சிக்கியும் அழற்சியைக் கிளப்பாமல் கிடந்ததைக் கவனித்து அவருக்கு அந்த யோசனை வந்தது. ஆனாலும் நம் ஊரில் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் புரை எடுத்தவர்களுக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடிதான். அன்றைய வட ஆற்காட்டில் கண் சிகிச்சைக்கு வேர் ஆழமானது. ஐடா ஸ்கடர் 1902-ல் வேலூரில் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் இன்று ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையாக இருக்கிறது. சி.எம்.சி.யில் கண் மருத்துவராக இருந்த விக்டர் ராம்போ கிராமங்களுக்கே போய்க் கண் முகாம்கள் நடத்தினார். லென்ஸ் விலை சாமானியர் கைக்கு எட்டியது அதற்கு வெகுகாலம் கழித்து. 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, உள்நாட்டிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியது அதில் ஒரு பெரிய திருப்பம். டோரிக் லென்ஸை ஜப்பானின் கிமியா ஷிமிசு குழுவினர் 1990-களின் முற்பாதியில் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998-ல். இப்போது இந்தியாவில் தயாராகும் டோரிக் லென்ஸ்களும் உண்டு.

டோரிக்கின் உயிர் அதன் கோணத்தில் இருக்கிறது. புரையை எடுத்த பின் இயற்கை லென்ஸின் மெல்லிய உறை ஒரு பை போல மிஞ்சும், புதிய லென்ஸ் அதற்குள்தான் உட்காரும். சாதா லென்ஸ் அந்தப் பைக்குள் எப்படிச் சுழன்று நின்றாலும் பார்வை மாறாது. டோரிக் அப்படியில்லை. அதன் விளிம்பருகே இருபுறமும் சிறு புள்ளிக் குறிகள் உண்டு. அவை கருவிழியின் வளைவு மிகுந்த கோட்டின் மேல் சரியாக நிற்க வேண்டும். ஒரு டிகிரி விலகினால் சிலிண்டரைத் திருத்தும் வலுவில் ஏறத்தாழ 3.3 சதவீதம் போகும். 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேலே சொன்ன 2.50 சிலிண்டர்காரருக்கு 10 டிகிரி பிசகினால் 0.87 அளவு சிலிண்டர் மிஞ்சும், 5 டிகிரி பிசகினால் 0.44. 30 டிகிரி பிசகினால் கொடுத்த கூடுதல் காசு முழுவதும் வீண், சிலிண்டர் வேறு ஒரு திசையில் அதே அளவு நிற்கும். அதற்கும் மேல் போனால் டோரிக் வைக்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலை. சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள் ஒரு நிமிடத்துக்கு 6 டிகிரி நகர்கிறது. டாக்டரிடம் நாம் எதிர்பார்ப்பது அந்த ஒரு நிமிட இடைவெளிக்குள் லென்ஸை நிறுத்துவதை.

எனவே ஆபரேஷனுக்கு முந்தைய சில நிமிடங்களைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். நோயாளியை மேசையில் படுக்க வைக்கும் முன் நிமிர்ந்து உட்கார வைக்கிறார்கள். நேரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்கிறார்கள். மரப்பு மருந்துச் சொட்டு விட்ட கண்ணில், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில், மையால் சின்னச் சின்னக் குறிகள் இடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கீழே ஒன்று. பலர் இதைச் சும்மா ஒரு சடங்கு என்று நினைத்து விடுகிறார்கள். மனிதர் படுத்ததும் கண்விழி குழிக்குள் சற்றே சுழல்கிறது, சிலருக்குச் சில டிகிரி, சிலருக்குப் 10 டிகிரிக்கும் மேல். படுத்த பிறகு குறித்தால் அந்தச் சுழற்சி முழுவதும் பிழையாகச் சேர்ந்துவிடும். தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி குறித்தாலும் அதே கதிதான். ஆகவே அந்த நேரத்தில் தாடையை நேராக வைத்து, அசையாமல் இருப்பது நோயாளி செய்யக்கூடிய பேருதவி. கண்ணின் ரத்தக்குழாய் அமைப்பைப் படமெடுத்து, நுண்ணோக்கியிலேயே கோணத்தைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. அவை இல்லாத இடத்திலும் கைக்குறி கவனமாகப் போட்டால் நல்ல பலன் கிடைக்கிறது.

மேசையில் டாக்டர் டிகிரி எழுதிய வளையத்தைக் கண்மேல் வைத்து, உட்கார்ந்தபோது இட்ட குறிகளிலிருந்து வேண்டிய கோணத்தைக் கணக்கிட்டுப் புதிய குறி இடுகிறார். புரையை எடுத்த பின், மடித்த லென்ஸைச் சிறு திறப்பு வழியே உள்ளே விட்டு, இறுதிக் கோணத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துகிறார். லென்ஸைப் பைக்குள் தாங்கி நிறுத்தும் ஓரத்துக் கைகள் இருக்கும் வாட்டத்தில் அதைப் பொதுவாக வலஞ்சுழியாகத்தான் எளிதில் நகர்த்த முடியும். கண்ணுக்குள் இட்ட வழவழப்பான ஜெல்லை லென்ஸின் பின்னாலிருந்தும் முழுதாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அது மிஞ்சினால் லென்ஸ் அதன்மேல் வழுக்கிச் சுழலும். கடைசியாக லென்ஸைக் கோட்டின் மேல் திருப்பி, லேசாக அழுத்திப் பையோடு ஒட்ட வைக்கிறார்.

லென்ஸ் சுழல்வதென்றால் பெரும்பாலும் முதல் நாளில், அதிலும் முதல் சில மணி நேரத்தில் சுழலும். அதனால் அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணைக் கசக்குவது, மூட்டை தூக்குவது எல்லாம் கூடாது என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. மறுநாள் பரிசோதனையில் லென்ஸ் பிசகியிருப்பது தெரிந்து, பார்வையும் குறைவாக இருந்தால், ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி திறந்து திருப்பி வைக்கலாம். அதற்குள் பை சுருங்கி லென்ஸைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும், திருப்பிய இடத்தில் நிற்கும். நாள் கடந்தால் பை இறுகி ஒட்டிக்கொள்ளும், அசைப்பது கடினம். “கொஞ்ச நாள்ல சரியாயிடும்” என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

கோணம் சரியாக அமைய, முதலில் அளவு சரியாக வேண்டும். கருவிழியின் முன்பக்கம் மட்டுமில்லாமல் பின்பக்கமும் சிலிண்டரில் பங்கு வகிக்கிறது. அமெரிக்க மருத்துவர் டக்ளஸ் காக்கின் குழு 2012-ல் இதைத் தெளிவாகக் காட்டியது. முன்பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால், மேல்கீழ் வளைவு மிகுந்தவர்களுக்குச் சிலிண்டர் தேவைக்கு அதிகமாகவும், பக்கவாட்டு வளைவு மிகுந்தவர்களுக்குத் தேவைக்குக் குறைவாகவும் திருத்தப்படும். இப்போதைய கணக்கு முறைகள் இதையும் சேர்த்தே போடுகின்றன. கண் வறண்டிருந்தால் அளவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி காட்டும். வேலூர் வெயிலில், வறண்ட காற்றில் நாள் முழுக்க வெளியே நிற்கிறவர்களுக்கு இது சகஜம். அப்படியென்றால் சில வாரம் சொட்டு மருந்து விட்டுப் பிறகு அளப்பதுதான் நேர்மையான வழி. இரண்டு கருவிகளில் அளந்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதையும் நான் கட்டாயமென்றே சொல்வேன். “ஏன் மறுபடி மறுபடி டெஸ்ட்?” என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

நம் பக்கத்தில் வயல்வேலை, செங்கல் சூளை, கல்குவாரி என்று வெயிலிலும் தூசியிலும் உழைக்கிறவர்களுக்குக் கண்ணின் மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்வது அதிகம். அந்தச் சதை கருவிழியை இழுத்துச் சிலிண்டரை உண்டாக்கும். அதை எடுத்ததும் சிலிண்டர் மாறிவிடும். சதையை வைத்துக்கொண்டு அளந்த எண்ணை நம்பி டோரிக் போட்டால், பிறகு சதையை எடுக்கும்போது லென்ஸே தவறான லென்ஸாகிவிடும். முதலில் சதையை எடுத்து, புண் ஆறி, அளவு நிலைத்த பிறகு புரைக்கு வருவது நல்லது. கரும்புச் சோகையோ நெல் உமியோ பட்டுப் புண்ணாகி வெள்ளைத் தழும்பு விழுந்த கருவிழிக்கும் டோரிக் சரிவராது. அங்கே வளைவு ஒழுங்கற்றுப் போயிருக்கும். ஒழுங்கான இரண்டு திசை வித்தியாசத்தை மட்டுமே டோரிக்கால் ஈடுகட்ட முடியும். (கண்ணில் அடிபட்டால் பச்சிலைச் சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் இன்னும் ஒழியவில்லை. அது புண்ணை மோசமாக்கித் தழும்பைப் பெரிதாக்கும்.) கருவிழி கூம்பிக்கொண்டே போகும் நோய் உள்ளவர்களுக்கும், லென்ஸ் பையைத் தாங்கும் இழைகள் தளர்ந்தவர்களுக்கும், ஆபரேஷனின்போது பை கிழிந்துவிட்டவர்களுக்கும் டாக்டர் டோரிக் வேண்டாமென்பார். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்தால் லென்ஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பார்வை அந்த அளவுக்கு உயராது.

சிலிண்டர் 0.75-க்குள் என்றால் பெரும்பாலும் டோரிக் தேவைப்படாது. திறப்பை எங்கே போடுகிறோம் என்பதிலேயே ஒரு பகுதியைச் சரிக்கட்டலாம். திறப்பு போட்ட திசையில் கருவிழி சற்றுத் தட்டையாகும் என்பதே இதன் சூட்சுமம். அல்ட்ராசவுண்டால் புரையைக் கரைக்கும் பேகோ முறையில் திறப்பு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர்தான், தாக்கம் குறைவு. முகாம்களில் அதிகம் செய்யும், தையலில்லாத சிறுதிறப்பு முறையில் திறப்பு 6, 7 மில்லிமீட்டர் இருக்கும், தாக்கமும் அதிகம். அதை மேல்பக்கமாகப் போட்டால் மேல்கீழ் வளைவு தட்டையாகி, முதியவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் பக்கவாட்டுச் சிலிண்டர் இன்னும் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு அனுபவமுள்ள டாக்டர்கள் திறப்பைக் காதுப்பக்கமாக மாற்றுகிறார்கள். சிறுதிறப்பு முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. முற்றிய புரையைக் குறைந்த செலவில், பத்திரமாக எடுத்து லட்சக்கணக்கானோருக்குப் பார்வை கொடுத்த முறை அது. அதில் மிஞ்சும் சிலிண்டருக்குக் கண்ணாடி இருக்கிறது. பவர் நிலைத்த பிறகு, பொதுவாக ஒரு மாதம் கழித்து, கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள். குடியாத்தத்திலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் முகாம் பஸ்ஸில் வந்து ஆபரேஷன் செய்துகொண்ட எத்தனையோ தாத்தா பாட்டிகள், புரை போய்விட்டதே போதுமென்று அந்த ஒரு மாத வருகைக்குப் போவதில்லை. அவர்களை அந்த நாளில் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கித் தருவது, டோரிக் வாங்கித் தருவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. சிலிண்டர் கண்ணாடியால் எட்டும் தெளிவு அதே தெளிவுதான்.

டோரிக் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று நினைப்பதும் பரவலாக உண்டு. ஒரே தூரத்துக்கான டோரிக் லென்ஸைத் தூரப் பார்வைக்கு வைத்தால், பேப்பர் படிக்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் படிக்கிற கண்ணாடி வேண்டியிருக்கும். தூரம், கிட்டம் இரண்டுக்குமான டோரிக் வகைகளும் உண்டு. அவை இன்னும் விலை கூடியவை, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். வேலூர்ப் பக்கத்தில் அதிகம் பேசப்பட வேண்டிய இன்னொரு தேர்வு இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவர், குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர், ஆரணியில் பட்டுத்தறியில் உட்காருகிறவர் – இவர்களின் பிழைப்பு கைநீளத்துக்குள் நடக்கிறது. 40 சென்டிமீட்டரில் வேலை செய்கிறவருக்கு லென்ஸின் பவரைத் தெரிந்தே மைனஸ் 2 அல்லது 2.50-க்குக் குறிவைத்தால், வேலை கண்ணாடியில்லாமல் தெளிவாகத் தெரியும். தெருவில் நடக்க, பஸ் போர்டு பார்க்க மட்டும் கண்ணாடி. சிலிண்டர் இருந்தால் அதை டோரிக் எடுத்துக்கொள்ளும். “தூரமா, கிட்டமா?” என்ற கேள்வியை டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்: “அம்மா தினமும் எட்டு மணி நேரம் தையல் மெஷின்ல உக்காருவாங்க டாக்டர்.” எந்த லென்ஸ் என்று முடிவு செய்வதற்கு அந்த ஒரு வாக்கியம் விலை அட்டையைவிட அதிகம் உதவும்.

ஆலோசகரிடம் கேட்க வேண்டியவையும் இதிலிருந்தே வந்துவிடுகின்றன. கருவிழியில் மட்டும் சிலிண்டர் எவ்வளவு, எந்தக் கோணத்தில்? இரண்டு கருவிகளில் அளந்தீர்களா? டோரிக் வைக்காவிட்டால் கண்ணாடியில் எவ்வளவு சிலிண்டர் வரும்? பிசகினால் திருப்பி வைக்கத் தனிக் கட்டணமா? காப்பீட்டில் வந்தால் லென்ஸுக்கு எவ்வளவு வரை தருவார்கள், மீதி நாம் கட்ட வேண்டியது எவ்வளவு? இதையெல்லாம் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை ஒன்று தருவார்கள். அதில் பவர், சிலிண்டர், வரிசை எண் இருக்கும். வைத்த கோணத்தையும் அதில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே பத்திரப்படுத்துங்கள். அடுத்த கண்ணுக்குப் போகும்போது இந்தக் கண்ணில் கணக்கிட்டதும் கிடைத்ததும் எவ்வளவு ஒத்துப்போயின என்று டாக்டர் பார்த்து, அந்தக் கண்ணின் கணக்கைத் திருத்திக்கொள்ள அந்த அட்டை வேண்டும்.